ஐந்தரை அங்குல மெகலோடான் பல்: எந்தப் பாதி உண்மை?

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஒன்பது ஆண்டுகளாகக் கல்லாகிப்போன சுறாப் பற்களைச் சேர்த்து வருகிறேன். இன்றைய கணக்கில் 64 பற்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவை. ஒன்று தவிர மற்றவை அமெரிக்காவின் வட கரோலினா, புளோரிடா, மேரிலாந்து மாநிலங்களிலிருந்தும் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்தும் வந்தவை. எல்லாமே தபாலில் வந்தவைதாம். கடலை நான் வாழ்நாளில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்தப் பித்தைப் பற்றிக் கேள்விப்படுகிற எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். ஈராண்டு சீட்டுப் பணத்தைச் சேர்த்து, போன மாதம் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலிருந்து, மெகலோடான் என்னும் அற்றுப்போன ராட்சதச் சுறாவின் பல் ஒன்று வாங்கினேன். நுனியிலிருந்து வேரின் கீழ் மூலை வரை சாய்வாக அளந்தால் ஐந்தரை அங்குலம். உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மறைந்துவிடுகின்றன. எனாமல் பகுதி தேன் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது; வேர் காப்பித்தூள் நிறம். முதல் இரண்டு நாட்கள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன் என்றால் சிரிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வேரின் இடப்புறத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேரின் நிறம் ஒரே சீராக இருக்கிறது. இந்தப் பக்கம் திட்டுத் திட்டாக இருக்கிறது. விற்றவரிடம் கேட்டேன். இயற்கையான விரிசல் என்று இரண்டே சொற்களில் பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை.

என் கேள்விகள் இரண்டு. இந்தப் பல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஒட்டு என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? அடுத்து, அரிய பல் என்று எதைச் சொல்வது? பெரிய பல்தான் அரியது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது அந்த நினைப்பே ஆட்டம் கண்டிருக்கிறது.

கன்னங்குறிச்சி எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் உண்டு. அரிய பொருள் என்கிறீர்கள். இணையத்தில் தேடினால் படி கணக்கில் அளந்து கொடுப்பதுபோல ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். சிங்கத்தின் எலும்போ யானையின் எலும்போ இப்படிக் கொட்டிக் கிடக்கிறதா? சுறாவுக்கு மட்டும் எங்கிருந்து இத்தனை பல் வந்தது? யாரோ ஓர் ஆலையில் வார்த்து ஊற்றுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சார்னோக்கைட் எழுதியது:

கன்னங்குறிச்சி நண்பரின் சந்தேகம் நியாயமானதுதான். நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடை சொல்கிறேன்.

நமக்கு வாழ்நாளில் இரண்டு செட் பற்கள். சுறாவுக்கு அப்படியில்லை. தாடையின் உட்புறத்தில் பற்கள் வரிசைக்குப் பின் வரிசையாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. முன்வரிசைப் பல் விழுந்ததும் பின்னால் இருப்பது நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி ஒரே சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை, சில இனங்களில் பல்லாயிரம் பற்களைக் கடலடியில் உதிர்க்கிறது. ஆனால் அதன் எலும்புக்கூடு எலும்பே அல்ல, குருத்தெலும்பு. அது சில காலத்திலேயே மட்கிப் போகும். பல்லின் மேற்பூச்சோ ஃபுளோரின் கலந்த அபடைட் என்னும் கனிமத்தால் ஆனது, கடினமானது, எளிதில் கரையாதது. ஆகவே உடல் அழிந்து பல் மட்டும் எஞ்சுகிறது.

இதனால்தான் மெகலோடானின் முழு எலும்புக்கூட்டை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் பகுதியில் கிடைத்த, 141 முள்ளெலும்புகள் கொண்ட தண்டுவடத் தொடர் ஒன்று பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 11 மீட்டர். அதையும் பற்களையும் வைத்துக்கொண்டுதான் முழு மீனின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். 2020-இல் வந்த ஆய்வு 16 மீட்டர் அளவில் சொன்னது. 2025-இல் வந்த வேறோர் ஆய்வு 24 மீட்டரைத் தாண்டியிருக்கலாம் என்கிறது. இருக்கிற ஆதாரம் அவ்வளவுதான் என்பதால் கணக்கு இப்படி ஏறி இறங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஐரோப்பாவில் இந்தப் பற்களை வானத்திலிருந்து விழுந்த கல் என்றும், பாம்பின் நாக்கு கல்லானது என்றும் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். மால்டா தீவில் கிடைத்தவற்றை விஷமுறிவுக் கல் என்று வெள்ளியில் கட்டி அணிந்தார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை ஃபுளோரன்ஸில் அறுத்துப் பார்த்த டென்மார்க்கு உடற்கூறியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன், அந்தக் கற்களும் சுறாவின் பற்களும் ஒன்றே என்று மறு ஆண்டு எழுதினார். கல்லுக்குள் பல் எப்படிப் போயிற்று என்று அவர் தொடர்ந்து யோசித்ததில்தான் படிவுப் பாறைகள் அடுக்கடுக்காகப் படிகின்றன என்ற விதி பிறந்தது. நம் பூஜை அறைகளில் உள்ள சாளக்கிராமம், கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் தடம்தான். அதற்காக யாரும் அதற்குச் செய்யும் பூஜையை நிறுத்தவில்லை. அதுபோல ஸ்டென்சன் எழுதிய பிறகும் நெடுங்காலம் மக்கள் விஷக்கல் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொலுசுப் பட்டறை எழுதியது:

அஸ்தம்பட்டி அண்ணா, நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்பவன். சுறாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பற்றவைத்த இடத்தைக் கண்டுபிடிப்பது எங்களுக்கு அன்றாட வேலை. நன்றாக மெருகு போட்ட கொலுசிலும் பொடி வைத்துப் பற்றவைத்த கண்ணி எது என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். இதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பட்டறைக்கு எடுத்து வாருங்கள். லென்ஸ் இருக்கிறது, ஊதுகுழாய் இருக்கிறது, நோட்டின் கள்ளம் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கும் இருக்கிறது. உங்கள் பல்லை நான் உடைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன்.

இருபதாம் வளைவு எழுதியது:

வணக்கம். நான் ஏற்காட்டுக்காரி, கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம். இவ்வளவு செலவு செய்து வெளிநாட்டிலிருந்து வாங்குகிறீர்களே, நம் சேர்வராயன் மலையில் தேடினால் ஒரு பல்லாவது கிடைக்காதா? மலையுச்சியில் பாக்சைட் வெட்டிய பள்ளங்களில் சிறுவயதில் விதவிதமான கற்கள் பொறுக்கியிருக்கிறேன்.

சார்னோக்கைட் எழுதியது:

கிடைக்காது அம்மா. என் புனைபெயரே அதற்கு விடை. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. அந்தக் காலத்தில் சுறா மட்டுமன்று, மீன் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. நீங்கள் பொறுக்கிய பாக்சைட், அதே பாறை மழையிலும் வெயிலிலும் பல லட்சம் ஆண்டுகள் மட்கியதால் மலையுச்சியில் மிஞ்சிய படிவு. சேலத்து வெள்ளைக்கல்லும் அப்படித்தான். மேக்னசைட் தரும் அந்தக் கரடுகள் பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறைகள் மாறி உண்டானவை. வெள்ளையாக இருப்பதால் கடற்சுண்ணாம்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் ஆத்தூரைத் தாண்டிப் பெரம்பலூர்ப் பக்கம் போய்விட்டால் கதை மாறிவிடும். காரை, கருடமங்கலம், அரியலூர் வட்டாரம் முழுவதும் சுமார் 10 கோடி ஆண்டுகள் முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரை பழைமையான கடற்படிவுகள். நிலவியல் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு 1862-இல் அவற்றை வரைபடமாக்கினார். அதற்கும் முன்பே புதுச்சேரிப் பக்கத்துப் படிவுகளில் கிடைத்த மீன் பற்களைப் பற்றி எகர்ட்டன் என்பவர் 1845-இல் லண்டனில் எழுதிவிட்டார். 2011-இல் காரைப் படிவத்திலிருந்து பல வகைச் சுறாக்களின் பற்களை இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து விவரித்திருக்கிறார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

நேற்று மாலை கொலுசுப் பட்டறைத் தம்பியிடம் போய்வந்தேன். நடந்ததை விரிவாக எழுதுகிறேன், இதேபோல ஏமாந்த வேறு யாருக்காவது உதவும்.

முதலில் அவர் பல்லைத் தொடவே இல்லை. மேசையில் வைத்து, விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி செய்து, கால் மணி நேரம் லென்ஸில் பார்த்தார். பிறகு, "அண்ணா, இந்த விளிம்பை நானே அரம் போட்டிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்" என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்தார். பல்லின் வலப்பக்க விளிம்பில் ரம்பப் பற்கள் ஒன்றுபோல இருந்தும் ஒன்றுக்கொன்று நூலளவு வேறுபட்டிருந்தன. ஒன்றின் முனை தேய்ந்திருந்தது, ஒன்று சற்றே சாய்ந்திருந்தது. இடப்பக்கத்தில், நுனியிலிருந்து முக்கால் அங்குலம் கீழே வரை, அச்சில் வார்த்தது போல ஒரே இடைவெளி, ஒரே ஆழம். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் அரம் இழுத்த கீறல்.

அடுத்து அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் காட்டினார். எனாமலின் பெரும்பகுதி இருண்டே கிடந்தது. நுனியும், வேரின் இடக்கொம்பு முழுவதும், நான் பார்த்த மயிரிழைக் கோடும் வெளிர்நீலமாக ஒளிர்ந்தன. பசை. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து வேரில் ஒற்றியதும் பஞ்சில் காப்பி நிறம் ஏறிவிட்டது. கடைசியாகச் சூடேற்றிய ஊசி முனையை வேரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்தார். உண்மையான பல்லில் ஊசி ஒன்றும் செய்யாதாம். இங்கே மெழுகில் இறங்குவது போல இறங்கியது, பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் வந்தது.

கணக்குப் பார்த்தால் எனாமலில் முக்கால் பங்கும் வேரில் பாதியும் உண்மை. எனாமலுக்கும் வேருக்கும் இடையில் உள்ள கருநிறக் கழுத்துப்பட்டை ஒரு பக்கத்தில் அசல், மறுபக்கத்தில் வண்ணம். உண்மையான பகுதியை மட்டும் அளந்தால் நாலே கால் அங்குலம்தான் வருகிறது. அந்த ஒன்றே கால் அங்குலத்துக்குத்தான் என் சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது.

தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆத்தூர் வழி எழுதியது:

அஸ்தம்பட்டி சார், பழுது பார்த்த பல்லை விற்பது குற்றமில்லை; சொல்லாமல் விற்பதுதான் குற்றம். உடைந்த துண்டுகளை ஒட்டுவது பழுது. இல்லாத பகுதியைப் புதிதாகச் செய்து சேர்ப்பது புனரமைப்பு. இந்த இரண்டு சொற்களையும் விற்பவரிடம் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மொராக்கோப் பற்களிலும் எச்சரிக்கை தேவை. மணற்பாறையில் பாதி புதைந்தபடி வருகிற, ஓட்டோடஸ் என்னும் பழங்காலச் சுறாவின் பற்களில் பலவற்றில் பல் உண்மையாக இருக்கும், பாறை மட்டும் மணலும் பசையும் கலந்து பிசைந்ததாக இருக்கும். ஒரே கல்லில் மூன்று நான்கு பற்கள் அழகாக வரிசை கட்டி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெருத்த பல்லுக்கு விலை உண்டு என்பது மெய். மெகலோடானில் 6 அங்குலத்தைத் தாண்டுபவை குறைவு, 7 அங்குலத்தைத் தொடுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் அதே காரணத்தால்தான் பெரிய பற்களில் ஒட்டு வேலையும் அதிகம். என் கணக்கில் அரிது என்பது வேறு இடங்களில் இருக்கிறது. பாரோட்டோடஸ் என்று ஒரு சுறா இருந்தது. கொக்கிபோல வளைந்த தடித்த பல், விளிம்பில் ரம்பம் கிடையாது. அது மெகலோடான் வாழ்ந்த கடல்களிலேயே வாழ்ந்தது. ஆனால் வட கரோலினாவில் மெகலோடான் பல்லை எண்ணற்றவர்கள் எடுத்த இடத்தில் பாரோட்டோடஸ் பல்லைக் கண்டவர் சிலரே. பாலியோகார்கரோடான் இன்னொன்று, பேலியோசீன் காலத்தில் (சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்), பெரிய சுறாக்களிடையே ரம்ப விளிம்பை முதன்முதலில் பெற்றவற்றுள் ஒன்று. பிறகு, தாடையின் நட்ட நடுவே முளைக்கும் குறும்பற்கள், காயம்பட்ட ஈற்றில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த பற்கள். இவையெல்லாம் ஓர் அங்குலம்கூட இல்லாதிருக்கலாம். 2010-இல் பனாமாவில் மெகலோடானின் சிறு பற்களே திரளாகக் கிடைத்தபோது, அந்த ஆழமற்ற கடல் குட்டிகள் வளர்ந்த இடமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தனியாக விற்றால் அந்தக் குட்டிப் பல்லை யாரும் சீந்த மாட்டார்கள்.

நான் சேர்ப்பது வரிசை. கூரிப்காவின் ஓட்டோடஸ் ஒப்ளிக்வஸ் பல்லில் விளிம்பு வழவழப்பாக இருக்கும், இருபுறமும் காதுபோலக் குட்டிக் கூர்கள் இருக்கும். அடுத்தடுத்த காலங்களில் விளிம்பில் ரம்பம் வருகிறது, காதுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. அரிகுலாட்டஸ், அங்குஸ்டிடென்ஸ், சுபுடென்சிஸ் என்று வந்து மெகலோடானில் காதே இல்லை. ஐந்து பற்களை மேசையில் அடுக்கினால் நாலு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாற்றத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். என்னிடம் நான்கு இருக்கின்றன. அங்குஸ்டிடென்ஸ் இன்னும் அகப்படவில்லை.

கன்னங்குறிச்சி எழுதியது:

சரி, ஆலையில் வார்ப்பது பாதிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெகலோடான் இன்னும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கிறது என்றும், சேலஞ்சர் கப்பல் எடுத்த பற்களுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றும் ஒரு காணொளியில் பார்த்தேனே?

சார்னோக்கைட் எழுதியது:

சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியபோது பசிபிக் கடலடியிலிருந்து மெகலோடான் பற்களை வாரியெடுத்தது உண்மை. அவற்றின் மேல் மாங்கனீசுப் பூச்சு படிந்திருந்தது. அந்தப் பூச்சின் தடிப்பை வைத்து 1959-இல் ஒருவர் கணக்குப் போட்டு, பல்லின் வயது 11,000 ஆண்டுகள் வரை குறையலாம் என்று எழுதினார். ஆழ்கடலில் மாங்கனீசு 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில், அதுவும் விட்டு விட்டுப் படிகிறது. நிரந்தரக் கடிகாரமாக அதை நம்ப முடியாது. வண்டல் மிக மெதுவாகச் சேருகிற இடங்களில் பழைய பல் மூடப்படாமலேயே கிடக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வயது உறுதியான படிவங்களை மட்டும் எடுத்து 2019-இல் மறுபடி ஆராய்ந்தபோது, மெகலோடான் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது என்று தெரிந்தது. நிறத்தை வைத்தும் வயது சொல்ல முடியாது. கருப்புப் பல் பழையது, வெளிர்ப்பல் புதியது என்று நினைக்கிறார்கள். பல் புதைந்த மண்ணில் என்ன கனிமம் இருந்ததோ அந்த நிறம்தான் அதற்கு.

ஆத்தூர் வழி எழுதியது:

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பெருவின் ஈக்கா பாலைவனத்துப் பற்கள் அழகில் ஒப்பற்றவை. இன்றைய வெள்ளைச் சுறாவின் முன்னோடியான ஹப்பெல்லி இனத்தை 2012-இல் பெயரிட்டதே பெருவில் கிடைத்த தாடையை வைத்துத்தான். ஆனால் பெரு தன் தொல்லுயிர்ப் படிவங்களை ஏற்றுமதி செய்ய விடுவதில்லை, சிலியும் அப்படியே, பிரேசிலில் 1942 முதலே அவை அரசின் சொத்து. மாறாக, புளோரிடாவில் மற்ற முதுகெலும்பிப் படிவங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், சுறாப் பல்லுக்கு வேண்டாம். நம் நாட்டில் புவிமரபுச் சின்னங்களுக்கான வரைவு மசோதா 2022-இல் வெளியானது. எந்த இடத்துப் பல் என்று தெரியாவிட்டால் அது எந்தச் சட்டத்தில் சிக்கும் என்பதும் தெரியாது. என்னிடமே ஒரு பெருப் பல் இருக்கிறது. விவரம் அறியாத காலத்தில் வாங்கியது. யாருக்கும் காட்டுவதில்லை.

இருபதாம் வளைவு எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பொருள் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஏறக்குறைய சதுரம், குழிப்பணியாரத்தை மேலிருந்து லேசாக அமுக்கியது போன்ற மேடு. மேட்டின் மேல் குறுக்காக ஒன்பது வரிகள் ஓடுகின்றன. ஓரத்தை நெருங்க நெருங்க வரிகள் உடைந்து ரவை தூவியது போலப் பொடிப்பொடிப் புள்ளிகளாகிவிடுகின்றன. பளபளப்பு பல்லைப் போலவே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதைச் சிப்பி என்றுதான் சொல்வார்கள். தாத்தா சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். ஒருநாள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாராம்.

சார்னோக்கைட் எழுதியது:

அம்மா, படத்தைப் பெரிதாக்கி நான்கு முறை பார்த்துவிட்டேன். அது சிப்பி அல்ல. டைகோடஸ் என்னும் சுறாவின் அரைக்கும் பல் என்றே நினைக்கிறேன். எந்த இனம் என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். காரைப் படிவத்திலிருந்து டைகோடஸ் டெகரன்ஸ் பதிவாகியிருக்கிறது.

இது கடிக்கும் சுறா அல்ல, நொறுக்கும் சுறா. இத்தகைய பற்கள் வாய்க்குள் அம்மிக்கல் பதித்த தளம்போலப் பரவியிருக்கும். கடினமான ஓடுள்ள இரைகளை நசுக்கித் தின்றது. 19-ஆம் நூற்றாண்டு முதலே இந்தப் பற்கள் தெரியும் என்றாலும், இந்த மீன் எந்த உருவத்தில் இருந்தது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. மெக்சிகோவின் வயேசிய்யோ என்னும் இடத்தில் உடலின் வெளிக்கோடு உட்பட முழுமையாகப் படிந்த மாதிரிகளை வைத்து 2024-இல்தான் அதன் வடிவம் வெளிவந்தது. இன்றைய வெள்ளைச் சுறா சேர்ந்திருக்கும் வரிசையிலேயே அதையும் வைக்கிறார்கள்.

இரண்டு விஷயங்கள் உடனே தெரிய வேண்டும். தாத்தா எந்தக் குழியிலிருந்து எடுத்தார்? பல்லின் அடியில், வேரின் பள்ளத்தில் ஒட்டிய மண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒரு சிட்டிகை மண் இருந்தால் போதும். அதில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளை உருப்பெருக்கியில் பார்த்து எந்த அடுக்கு, எந்தக் காலம் என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. தயவுசெய்து கழுவ வேண்டாம்.

இருபதாம் வளைவு எழுதியது:

சார், பாட்டியிடம் கேட்டேன். தாத்தா இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பெரம்பலூரைத் தாண்டி எங்கோ லாரி பழுதாகி ஒரு ராத்திரி தங்கினாராம், அப்போது எடுத்தது என்கிறார். அரியலூரா, டால்மியாபுரமா என்றால் பாட்டிக்குத் தெரியவில்லை. மண் விஷயத்தில் இன்னும் மோசம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பித்தளைப் பாத்திரங்களோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவாராம். அடிப்பக்கம் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்கிறது.

சார்னோக்கைட் எழுதியது:

சற்று நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாட்டியைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆய்வுக் கட்டுரையில் ஏற முடியாத பல்லாகிவிட்டது, அவ்வளவுதான். இருந்தாலும் பாட்டி சொன்ன சொற்களை அப்படியே, இன்றைய தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பல்லோடு வையுங்கள். தாத்தா எந்த ஆலைக்கு ஓட்டினார் என்பதற்குப் பழைய ரசீது, ஓட்டுநர் அட்டை ஏதாவது அகப்பட்டால் குழியைச் சுருக்கிவிடலாம். அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருமுறை எடுத்துக்கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

சார்னோக்கைட் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் 64 பற்களையும் வெளியே எடுத்து அடுக்கினேன். ஊர்ப் பெயரும் படிவத்தின் பெயரும் சேர்ந்து எழுதியிருப்பவை 41. மொராக்கோ என்று மட்டும் எழுதியிருப்பவை 19. மூன்று பற்களுக்கு ஒன்றுமே எழுதவில்லை. எங்கே வாங்கினேன் என்பதும் மறந்துவிட்டது. மிச்சம் ஒன்று ஜாவாப் பல். அதற்குப் புதிதாகச் சீட்டு எழுதினேன்: மேற்கு ஜாவா, மெகலோடான், அசல் நாலே கால் அங்குலம், நுனியும் இடக்கொம்பும் பிசின், செவ்வாய்ப்பேட்டையில் சோதித்தது.

ஏற்காட்டுத் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். இந்தியப் பல் என்று என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. குழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நியாயமான விலை எதுவாக இருந்தாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அல்லது கூரிப்காப் பற்களில் உங்களுக்குப் பிடித்த பத்தை எடுத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

இருபதாம் வளைவு எழுதியது:

கேட்டேன் அண்ணா. பாட்டி தர மாட்டேன் என்கிறார். தாயம் ஆடும்போது அதுதான் அவருடைய காய். மற்றவர்கள் புளியங்கொட்டையையும் வளையல் துண்டையும் வைத்து ஆடுவார்கள். பாட்டியின் காய் மட்டும் கட்டத்தில் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், காற்றடித்தாலும் நகராது. நேற்றுகூட அதை வைத்து என்னை இரண்டு முறை வெட்டினார்.